கல்லறைப் பாசியிலிருந்து பெயரடைவு வரை: இங்கிலாந்தின் வட்டாரக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள்

குடிவழி ஆய்வு என்பது ஒருவருடைய தாய்வழி, தந்தைவழி முன்னோரை எழுத்துச் சான்றுகளின் துணைகொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிக் கண்டறிந்து, அவர்களுக்கு இடையிலான உறவை நிறுவும் முயற்சியாகும். கணினித் திரையில் ஒரு பெயரைத் தட்டினால் பதிவுகள் வந்து விழும் இக்காலத்தில், இதைத் தனியொருவர் வீட்டில் இருந்தபடியே செய்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றிருக்கிறது. ஆனால் இங்கிலாந்தைப் பொறுத்தவரை அவ்வாறு வந்து விழும் பதிவுகளில் கணிசமானவை, வட்டாரக் குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் உறுப்பினர்கள் பல பத்தாண்டுகளாக ஊதியம் ஏதுமின்றி வரி வரியாகப் படியெடுத்து வைத்தவை. இச்சங்கங்களின் பயன் உறுப்பினருக்கு முன்னோரைத் தேடிக் கொடுப்பதில் அடங்கிவிடுவதில்லை. முன்பின் அறியாத ஒருவருடைய முன்னோரின் பெயரும் தேடினால் கிடைக்கும்படி செய்து வைப்பதும், கிடைத்த பெயரை உடனே நம்பிவிடாதிருக்கப் பழக்குவதுமே அவை ஆற்றிய பெரும்பணி என்று கொள்ள இடமிருக்கிறது.

இத்தகைய சங்கம் பெரும்பாலும் ஒரு கவுன்டியை, அதாவது நம் மாவட்டத்தை ஒத்த பழைய ஆட்சிப் பிரிவை, எல்லையாகக் கொண்டு இயங்குகிறது. மாதம் ஒருமுறை தேவாலயத்தைச் சார்ந்த கூடத்திலோ ஊர்ப் பொதுமன்றத்திலோ மாலையில் கூடிச் சொற்பொழிவு கேட்பதும், தேநீருக்குப் பின் ஒருவருடைய சிக்கலை மற்றவர்கள் சேர்ந்து ஆராய்வதும், காலாண்டிதழ் வெளியிடுவதும், ஆவணக் காப்பகத்துக்குக் குழுவாகச் சென்று வருவதும், புதியவர்களுக்கு உதவி மேசை நடத்துவதும் ஏறத்தாழ எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான வழக்கங்கள். ஒவ்வோர் உறுப்பினரும் தாம் தேடும் குடும்பப் பெயர், ஊர், காலம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்க, அவை பட்டியலாக வெளியிடப்படும். ஒரே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்த இருவர், ஒரே முப்பாட்டனைத் தேடிக்கொண்டிருந்ததை இந்தப் பட்டியலில் கண்டுகொள்வதும் உண்டு.

குடிவழி எழுதும் வழக்கம் இங்கிலாந்தில் எளிய மக்களிடம் தொடங்கியதன்று. 1530 முதல் 1688 வரை அரசின் குலச்சின்ன அலுவலர்கள் கவுன்டிதோறும் சுற்றி வந்து, கேடயச் சின்னம் பொறித்துக்கொள்ளும் உரிமை எந்தெந்தக் குடும்பத்துக்கு உண்டு என்று விசாரித்து, உரிமையுள்ளோரின் வம்ச வரிசையைப் பதிந்து சென்றனர். உரிமையை நிலைநாட்டுவதற்காக எழுதப்படும் வம்ச வரிசையில் பெருமையும் கற்பனையும் கலப்பது எங்கும் காணப்படுவதுதான்; கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளரான காலின் மெக்கன்சியின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டப்பட்ட நம் பாளையப்பட்டு வம்சாவளிகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. இவற்றுக்கு நேர்மாறான ஒரு சான்று 1538இல் பிறந்தது. எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதியிலும், நடைபெறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பிரபுவின் பிள்ளையும் உழவுக் கூலியின் பிள்ளையும் அடுத்தடுத்த வரிகளில் இடம்பெற்ற இந்தப் பங்குப் பதிவேடுகளே பிற்காலக் குடும்ப வரலாற்றுக்கு அடிப்படையாயின.

லண்டனில் 1911இல் நிறுவப்பட்ட குடிவழி ஆய்வாளர் சங்கம் இத்துறையின் முதன்மையான நூலகத்தை உருவாக்கியது. பெர்சிவல் பாய்ட் என்பவர் பங்குப் பதிவேடுகளின் படிகளிலிருந்து இலட்சக்கணக்கான திருமணங்களைத் திரட்டித் தொகுத்த அடைவு அங்கேதான் வைக்கப்பட்டது. வட்டார அளவிலான தொடக்கங்களுள் முன்னோடியான ஒன்று 1963இல் பர்மிங்காமில் தோன்றியது. அதன் பெயரில் குடிவழியோடு குலச்சின்னவியலும் சேர்ந்தே இருந்தது. பின்னர் வந்த சங்கங்கள் குலச்சின்னத்தைக் கைவிட்டுக் ‘குடும்ப வரலாறு’ என்ற எளிய பெயரைச் சூட்டிக்கொண்டன. 1974இல் இவற்றுக்கான கூட்டமைப்பு ஏற்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி தம் முன்னோரைப் பற்றி எழுதிய ‘ரூட்ஸ்’ 1977இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் முன்னோரைத் தேடும் வேட்கை பரவியது. ஹேலி கூறிய குடிவழியைப் பின்னர் ஆவணங்களோடு ஒப்பிட்டு மறுத்தவர்களும் குடிவழி ஆய்வாளர்களே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வேட்கைக்கு வழிதிறந்தது ஒரு திருச்சபைச் சட்டம். பங்குப் பதிவேடுகள் நெடுங்காலம் ஊர்த்தேவாலயங்களில், இரும்புப் பெட்டிகளிலும் ஈரம் கசியும் அலமாரிகளிலும் கிடந்தன; பார்க்க விரும்புவோர் ஒவ்வொரு பங்குக்குருவின் தயவையும் நாட வேண்டியிருந்தது. 1978இல் நிறைவேறிய சட்டம், உரிய பாதுகாப்பு வசதி உள்ள இடங்கள் தவிர மற்றெல்லா இடங்களிலும் நூறாண்டு கடந்த பதிவேடுகளை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றது. நடைமுறையில் அது பெரும்பாலும் கவுன்டி ஆவணக் காப்பகமாகவே இருந்தது. சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் சேர்ந்த பின், அவற்றைக் கூட்டாகப் படியெடுக்கச் சங்கங்களால் இயன்றது.

சங்கப் பணிகளுள் வெயிலும் மழையும் பட்டுச் செய்வது கல்லறை வாசகங்களைப் படியெடுப்பது. இங்கிலாந்தின் தேவாலய வளாகங்களிலுள்ள கற்களில் பல மணற்கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் ஆனவை. பனி உறைந்து உருகும்போது மணற்கல்லின் மேற்பரப்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து விழும். ஆலைப் புகை கலந்த மழையில் சுண்ணாம்புக் கல்லின் எழுத்து சோப்புக் கட்டியின் எழுத்தைப்போலக் கரைந்து மழுங்கும். போதாக்குறைக்கு, புல்வெட்டும் இயந்திரத்துக்கு வழிவிடுவதற்காகக் கற்களைப் பெயர்த்துச் சுவரோரம் சார்த்திய ஊர்களும் பல. கல் அழியும் முன் சொல்லையாவது காப்பாற்ற வேண்டும் என்பதே இந்தப் பணியின் நோக்கம்.

இதற்கென ஓர் ஒழுங்கு உருவாகியிருக்கிறது. முதலில் வளாகத்தின் வரைபடம் தயாரித்து ஒவ்வொரு கல்லுக்கும் எண் இடப்படுகிறது. பிறகு இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் படித்துச் சொல்ல மற்றவர் எழுதுகிறார். எழுத்துத் தெரியாத கல்லில் சுண்ணாம்புக் கட்டி தேய்ப்பதோ, கம்பித் தூரிகையால் சுரண்டுவதோ, சவரநுரை பூசுவதோ கூடாது. அவை எழுத்தை ஒருநாள் காட்டிவிட்டு என்றைக்குமாகத் தின்றுவிடும். மாறாக, நிலைக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்துச் சூரிய ஒளியைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சினால், பள்ளத்தில் நிழல் விழுந்து, மழுங்கிப்போன எழுத்தும் எழுந்து நிற்கும். கல்லின் மீது படரும் கற்பாசி சில வளாகங்களில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் அதைத் தொடுவதற்கும் தடை உண்டு. வாசகம் வரிக்கு வரி, பிழைக்குப் பிழை, உள்ளது உள்ளபடி எழுதப்படுகிறது. சிற்பி தவறாக வெட்டிய பெயரைத் திருத்துவதற்குப் படியெடுப்பவருக்கு உரிமையில்லை. ஆண்டின் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியாத இடத்தில், இரண்டில் பொருத்தமான ஒன்றை ஊகித்து எழுதுவது பெருங்குற்றமாகக் கருதப்படும். ஐயக்குறி இட்டு விட்டுவிட வேண்டும். வேறோர் இணை வந்து முழுவதையும் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே படி தேவாலயத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்பப்படுகிறது. நம் கல்வெட்டாய்வாளர்கள் மைப்படி எடுக்கும்போது காட்டும் கட்டுப்பாட்டுக்கு இது குறைந்ததன்று. ஆனால் இங்கே அதைச் செய்பவர்கள் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் ஆவர்.

இதே ஒழுங்கு நாடு தழுவிய அளவில் செயற்பட்டதற்கு 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சான்று. வீடு வீடாகச் சென்று எழுதப்பட்ட அக்கணக்கேடுகளில், ஒருவர் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருந்தார் என்று முன்பே தெரிந்தாலன்றி அவரைக் கண்டுபிடிக்க வழியில்லாதிருந்தது. 1980களின் இறுதியில் சங்கங்களின் கூட்டமைப்பும், முன்னோரைத் தேடுவதைச் சமயக் கடமையாகக் கருதும் மார்மன் திருச்சபையின் குடிவழிப் பிரிவும் இணைந்து, சுமார் 3 கோடிப் பெயர்களையும் அடைவுப்படுத்தத் துணிந்தன. ஒவ்வொரு பக்கத்தின் நகலும் ஒருவரையொருவர் அறியாத இரு தொண்டர்களிடம் கொடுக்கப்பட்டு, இரண்டு படிகளும் வேறுபடும் இடங்களை மூன்றாமவர் தீர்த்து வைத்தார். வலைத்தளங்கள் பரவுவதற்கு முன், சமையலறை மேசைகளில் பென்சிலால் நிரப்பப்பட்ட படிவங்களால் நடந்து முடிந்த பணி இது. அத்தரவு பின்னர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கைக்குச் சென்று, இடப்பெயர்ச்சி, தொழில், குடும்பப் பெயர்களின் பரவல் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று. வட்டார ஆர்வலர்களின் உழைப்பு வரலாற்றுப் புலமைக்கு உரமாவதற்கு முன்னுதாரணமும் உண்டு: பீட்டர் லாஸ்லெட், இ. ஏ. ரிக்லி ஆகியோர் 1964இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் மக்கள்தொகை வரலாற்றுக் குழு, ஊர் ஊராகத் தொண்டர்கள் எண்ணிக் கொடுத்த 404 பங்குகளின் பதிவேட்டுக் கணக்கைக் கொண்டுதான் இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை 1981இல் வெளியிட்டது.

அடைவுகளுள் மிகவும் மனிதநேயம் வாய்ந்தது ‘ஸ்ட்ரேஸ்’ எனப்படும் வழிதவறியோர் பட்டியல். கட்டறுத்துக்கொண்டு வேற்றூர் வயலில் மேய்ந்து மாட்டுப் பட்டியில் அடைபடும் மாட்டைக் குறிக்கும் சொல் அது. ஒரு கவுன்டியின் பதிவேட்டைப் படியெடுக்கும் உறுப்பினர், அதில் வேறொரு கவுன்டியைச் சேர்ந்தவர் எனக் குறிக்கப்பட்ட ஒருவரைக் காணும்போது, அவ்வரியைத் தனித்தாளில் எழுதி அவருடைய சொந்தக் கவுன்டியின் சங்கத்துக்கு அனுப்பிவைக்கிறார். டெவனில் பிறந்து கென்ட் துறைமுகத்தில் இறந்த மாலுமியை, டெவனின் பதிவேடுகளை மட்டும் புரட்டும் சந்ததியார் எக்காலத்திலும் கண்டுபிடிக்க மாட்டார். கென்டில் யாரோ ஒருவர், தமக்கு எவ்வகையிலும் உறவில்லாத அம்மாலுமியின் பெயரை ஊருக்குத் திருப்பியனுப்பியதால் அவர் அகப்படுகிறார். தன் குலப்பெருமையைத் தேடி வந்த ஒருவரை அயலார் வீட்டுக் காணாமற்போனவருக்காக உழைக்க வைத்த இவ்வழக்கம் ஒன்றே சங்கம் என்ற அமைப்பின் நியாயத்தை நிறுவப் போதுமானது.

சங்கம் கற்பிக்கும் பாடங்களுள் முதலாவது, படிப்பது. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் பதிவேடுகள் ‘செக்ரட்டரி’ எனப்படும் எழுத்தர் கையெழுத்தில் அமைந்தவை; அதில் ஆங்கில எழுத்தான ‘எச்’ வரிக்குக் கீழே சுழித்துத் தொங்கும், ‘இ’ திருப்பி எழுதியது போலிருக்கும், ‘எம்’, ‘என்’, ‘யு’ மூன்றும் ஒரே மாதிரியான குத்துக்கோடுகளின் வரிசையாகத் தோன்றும். புள்ளியும் காலும் கொம்பும் தெளிவின்றி எழுதப்பட்ட பழைய ஓலைச்சுவடியைப் படிக்கப் பழகியவருக்கு இந்த இடர்ப்பாடு விளங்கும். 1733 வரை சட்டப்பூர்வ ஆவணங்கள் பலவும் இலத்தீனில் இருந்தமையால், ஜேம்ஸ் என்பவர் ‘யாக்கோபுஸ்’ என்றும் வில்லியம் என்பவர் ‘குலியெல்முஸ்’ என்றும் காணப்படுவர். பயிற்சி வகுப்பில் ஒரே பக்கத்தின் நகல் அனைவருக்கும் வழங்கப்பட்டு, ஒவ்வொருவரும் தாம் படித்ததைச் சொல்ல, தெரிந்த சொல்லிலுள்ள எழுத்தைக் கொண்டு தெரியாத சொல்லை அவிழ்க்கும் முறை கற்பிக்கப்படுகிறது.

இரண்டாவது பாடம், நாள்கணக்கு. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கியது. எனவே ஒரு குழந்தை 1700 ஏப்ரலில் திருமுழுக்குப் பெற்று 1700 பிப்ரவரியில் அடக்கம் செய்யப்பட்டதாகப் பதிவேடு காட்டினால், அது பிறக்குமுன் இறந்ததன்று. பத்து மாதம் வாழ்ந்து, நம் இன்றைய கணக்கில் 1701இல் இறந்த குழந்தை. சித்திரையில் ஆண்டு பிறப்பதையும், அறுபதாண்டுச் சுழற்சியில் ஒரே ஆண்டுப்பெயர் திரும்பத் திரும்ப வருவதையும் அறிந்த தமிழ் வாசகர், ‘விரோதி ஆண்டு’ என்று மட்டும் குறிப்பிடும் ஓலை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று திகைக்கும் ஆய்வாளரின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது பாடமே கடினமானது. அது ஐயுறக் கற்பது. தேடிய ஊரில், தேடிய காலத்தில், தேடிய பெயரில் ஒரு திருமுழுக்குப் பதிவு கிடைத்துவிட்டால் புதியவர் அத்துடன் மகிழ்ந்து அடுத்த தலைமுறைக்குத் தாவிவிடுவார். அனுபவமுள்ளவர் அந்த இடத்தில் நிறுத்தி, அடக்கப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்வார். வில்லியம் என்ற பெயரில் மார்ச்சில் திருமுழுக்குப் பெற்ற குழந்தை, அதே ஆண்டு மே மாதத்தில் அடக்கமாகியிருந்தால், அக்குழந்தை எவருக்கும் மூதாதை ஆகியிருக்க முடியாது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் பரவலாக இருந்ததால், சில ஆண்டுகள் கழித்து அதே பெற்றோருக்கு இன்னொரு வில்லியம் பிறந்திருக்கலாம். அல்லது பக்கத்துப் பங்கில் சிற்றப்பன் மகனாக மூன்றாவது வில்லியம் இருந்திருக்கலாம். ஒத்த பெயருடைய ஒவ்வொருவரையும் அவரவர் இறப்புவரை பின்தொடர்ந்து, மற்றவர் யாரும் பொருந்தார் என்று காட்டிய பின்னரே ஒருவரை ஏற்க வேண்டும். ஆளைச் சாகடித்துப் பார்ப்பது என்று ஆங்கில ஆய்வாளர்கள் சற்றே கொடூரமாக வழங்கும் இம்முறையை நூலில் படித்து அறிவதைவிட, ஐந்து ஆண்டு உழைத்துக் கட்டிய தம் குடிவழியை ஓர் அடக்கப் பதிவு தகர்ப்பதைச் சக உறுப்பினர் ஒருவர் எதிரில் காண நேர்வதே ஒருவருக்கு உறுதியாகக் கற்பிக்கிறது. வலைத்தளங்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து நகலெடுத்துப் பெருகும் குடிமரங்களில் காணப்படும் தவறுகளுள் பெரும்பகுதி, இந்த ஒரு படியைத் தாண்டிச் சென்றதால் நேர்ந்தது.

மேலும் முறையாகக் கற்க விரும்புவோருக்கு, கேன்டர்பரியில் 1961இல் நிறுவப்பட்ட குலச்சின்னவியல் மற்றும் குடிவழி ஆய்வு நிறுவனமும், ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைடு பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பும் உள்ளன. ஆயினும் சங்கக் கூட்டங்களில் கிடைக்கும் கல்விக்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஓர் ஊரின் பதிவேட்டில் எந்தக் குரு சோம்பேறி, எந்தப் பத்தாண்டை எலி தின்றது, எந்தப் பக்கத்துப் பங்கில் விசாரணையின்றித் திருமணம் செய்து வைப்பார்கள் என்பன போன்ற செய்திகளை வட்டாரத்தார் மட்டுமே சொல்லக்கூடும்.

குலப்பெருமையைத் தேடி வருவோரை இச்சங்கங்கள் எங்கே கொண்டு சேர்க்கின்றன என்பதைப் பங்குப் பெட்டி ஆவணங்கள், அதாவது தேவாலயப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்த ஊர் நிர்வாகத் தாள்கள், நன்கு காட்டுகின்றன. 1662ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வறியவரைக் காப்பாற்றும் பொறுப்பு அவருடைய சொந்தப் பங்கைச் சார்ந்தது. வேற்றூரில் பிழைக்க வந்தவர் நோயுற்றாலோ வேலையிழந்தாலோ, ஊர்ப்பணத்தைக் காக்கும் கவலையோடு பங்கின் வறியோர் காப்பாளர் அவரை நடுவர் முன் நிறுத்துவார். எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் பயின்றாய், ஓராண்டு முழுவதும் யாரிடம் கூலிக்கு இருந்தாய், ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகையில் எங்கேனும் குடியிருந்தாயா என்று கேட்டு எழுதப்பட்ட வாக்குமூலம், கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறலோடு முடியும். முழு ஆண்டு வேலை செய்தால் அவ்வூரில் உரிமை பிறந்துவிடும் என்பதால், சில நாள் குறைய வைத்து ஆளை விலக்கிய முதலாளிகளின் தந்திரமும் இவ்வாக்குமூலங்களில் வெளிப்படுகிறது. நிலம் வைத்திருந்த உழவரைப் பற்றி மூன்று தேதிகளும் ஓர் உயிலும் மட்டுமே எஞ்சியிருக்க, ஒன்றுமே இல்லாதிருந்த கூலியாளின் வாழ்க்கை பிறப்பு முதல் நாற்பது வயது வரை ஊர்ப்பெயர்களோடு எழுத்தில் நிற்பது இவ்வாவணத் தொகுதியின் விந்தை. இவற்றின் சுருக்கங்களையும் பெயரடைவுகளையும் பல சங்கங்கள் வெளியிட்டுள்ளன.

ஊரெல்லையைக் கடந்து கடலெல்லைக்கு வெளியே போனவர்களைத் தேடுவதற்கும் ஒரு சங்கம் உண்டு. 1998இல் தோன்றிய பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர், எழுத்தர், பொறியாளர் ஆகியோர் பற்றிய பதிவுகளை அடைவுப்படுத்தி வருகிறது. சென்னையில் நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1680 அக்டோபரில் நேர்ந்தளிக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில், அடுத்த மாதமே நடந்த முதல் திருமணம் எலிஹு யேல் என்பவருடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியது. 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கேதான் நடந்தது. சென்னை மாகாணத்தின் ஐரோப்பியக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் வெளியிட்ட நூல், இன்று கல் மறைந்துபோன இடங்களுக்கும் சான்றாக நிற்கிறது.

ஆனால் இந்த முறை முழுவதும் மாறாத குடும்பப் பெயர் என்ற ஒன்றின் மீது எழுப்பப்பட்டது என்பதை மறக்கலாகாது. தந்தை பெயரின் முதலெழுத்தையே முன்னெழுத்தாகக் கொண்டு, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிச் செல்லும் தமிழ்க் குடும்பத்தை அகர வரிசை அடைவில் பின்தொடர இயலாது. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களில், ஒவ்வொருவருக்கும் காலனி எண், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் ஆகியவை எழுதப்பட்டுள்ளன. அங்கே முதலி என்பது மூட்லி எனவும் கவுண்டர் என்பது கவெண்டர் எனவும் மருவி நிலைத்த குடும்பப் பெயர்களாயின. எனினும் வேரைத் தேடி வரும் பேரப்பிள்ளைக்குக் கைகொடுப்பவை அந்த எண்ணும் ஊர்ப்பெயருமே, ஊர்ப்பெயரோ ஆங்கிலேய எழுத்தரின் காதில் விழுந்தவாறு சிதைந்து கிடக்கிறது. அச்சிதைவை ஒலித்துப் பார்த்து இன்னின்ன ஊராக இருக்கலாம் என்று சொல்லவல்லவர் வேலூரிலோ விழுப்புரத்திலோ இருப்பவரே என்பதால், இங்கிலாந்துச் சங்கங்களின் உதவி மேசைக்கும் வழிதவறியோர் பட்டியலுக்கும் நிகரான ஓர் ஏற்பாட்டுக்கு நம்மிடம் உண்மையான தேவை இருக்கிறது.

இச்சங்கங்கள் குறையற்றவை என்று கூறுவதற்கில்லை. உறுப்பினர்கள் வயது முதிர்ந்தோராகவும் ஒரே வகைச் சமூகப் பின்னணியினராகவும் இருந்துவந்தமை அவற்றின் நெடுநாள் குறை. 1901ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 2002 ஜனவரியில் இணையத்தில் வெளியானபோது, குவிந்த கூட்டத்தைத் தாங்க மாட்டாமல் அத்தளம் முடங்கியது. அன்றே பெருவணிகம் இத்துறையின் மீது கண்வைத்துவிட்டது எனலாம். தொண்டர்கள் இலவசமாக எழுதிக் கொடுத்தவற்றைக் கட்டணத் தளங்கள் விற்பது பற்றிய மனக்குறை சங்கங்களுக்குள் இன்றும் அடங்கவில்லை; 1998இல் தொடங்கிய ‘ஃப்ரீபிஎம்டி’ என்ற பிறப்பு, திருமண, இறப்புப் பெயரடைவு எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருப்பது இதற்கு ஒருவகை மறுமொழி. மரபணுச் சோதனை வந்த பின், காகிதச் சான்று சொல்லும் தந்தை உண்மைத் தந்தையல்லர் என்று தெரியவரும் தருணங்களும் சங்க மேசைக்கு வருகின்றன. அவ்வுண்மையை உயிரோடிருக்கும் உறவினரிடம் சொல்லலாமா என்ற கேள்விக்குப் பதிவேட்டுப் பயிற்சியில் விடையில்லை.

இங்கிலாந்தில் கணக்கெடுப்பு ஏடுகள் நூறாண்டு மூடிவைக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டினுடையது 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942 டிசம்பரில் தீக்கிரையாயின; 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே அடுத்த கணக்கேடு 2052க்கு முன் எவர் பார்வைக்கும் வராது. அதுவரை, இவ்விரு கணக்கேடுகளுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்குக் கணக்கேட்டுக்கு ஈடாக மிஞ்சியிருப்பவை, அடையாள அட்டைக்காக 1939 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு பதிவேடும், எண்பதைக் கடந்தவர்களின் நினைவும், யாரேனும் நிலைக்கண்ணாடியோடு வந்து படியெடுத்துச் சென்ற கல்லறை வாசகங்களும்தான்.